ஒரு ஃபோர்க், இரண்டு சைக்கிள்

நான் சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு ஒரு விமானம் காரணம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நடந்தது அதுதான். எங்கள் தீவின் விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் எங்கள் வீட்டிலிருந்து இறங்கும் சரிவில் நின்றால், தரையிறங்க வரும் விமானத்தின் வயிறு தலைக்கு மேலே தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற எங்களுக்கு அது காக்கை பறக்கிற மாதிரி. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அப்படியா? வாடகை ஸ்கூட்டரில் வந்த ஒரு ஜோடி, திருப்பத்தில், நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு விமானத்தை வீடியோ எடுத்துக்கொண்டு நின்றது. காலையில் பெய்த மழையில் ரோடு வழுக்கிக் கிடந்தது. நான் மேலேயிருந்து வருகிறேன். மணி அடித்தேன். கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் மணி யாருக்குக் கேட்கும்?

பிரேக்கைப் பிடித்தால் வழுக்கும், பிடிக்காவிட்டால் அந்தப் பெண்ணின் மேல் ஏறிவிடும். ஒடித்துத் திருப்பினேன். முன் சக்கரம் சாக்கடையின் சிமெண்ட் விளிம்பில் போய் முட்ட, நான் ஹேண்டில்பாரைத் தாண்டி வலது கையை ஊன்றி விழுந்தேன். கூடையில் இருந்த மூன்று ரவிக்கைகளும் சேற்றில் விழுந்தன. அந்தப் பெண் ஓடிவந்து "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்றாள். கூட வந்தவன் போனைக் கீழே இறக்கக்கூட இல்லை. நான் "ஐயோ அம்மா" என்று அலறியது எந்த ஊரிலோ யாருடைய போனிலோ விமானத்தோடு சேர்ந்து பதிவாகிக் கிடக்கிறது. அதை அவர்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மணிக்கட்டில் சுளுக்கு, மூன்று வாரம் கட்டோடு இருங்கள், கத்திரிக்கோலைத் தொடாதீர்கள் என்றார். முழங்காலில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. அது போகட்டும், தோல் வளரும். நான் தாங்க முடியாமல் தவித்தது, பார்க்க வந்தவர்களின் வாயைத்தான். எங்கள் ஊரில் ஒருத்தி விழுந்தால் அவள் எழுந்திருப்பதற்குள் செய்தி கப்பல் நிற்கிற ஜெட்டி வரை போய்விடும். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவந்தார்கள். "நாப்பத்தொம்பது வயசுல உனக்கு எதுக்கு சைக்கிள்?" பக்கத்து வீட்டு வங்காளி அக்காவும் தன் பங்குக்கு, "பஸ் கரோ, பெஹன்", போதும் விடு தங்கச்சி, என்று என் கட்டுப்போட்ட கையைத் தடவிவிட்டுப் போனாள்.

எதற்கு என்று சொல்கிறேன். நான் ரவிக்கை தைப்பவள். குட்வில் எஸ்டேட், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வீடு வீடாகப் போய் அளவெடுத்து, தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சைக்கிள் வருவதற்கு முன்னால் என் கணவரின் ஸ்கூட்டர்தான். அவர் ஆபீஸ் விட்டு வந்து, டீ குடித்து, டிவியில் ஏதோ பார்த்து முடித்து, மனசு வந்து சாவியை எடுத்தால் நான் போகலாம். போன இடத்தில் பத்து நிமிஷம் கூட ஆனால் கீழே ஹாரன் அடிப்பார். இடுப்பளவு எடுக்கிறபோது ஹாரன் கேட்டால் எடுத்த அளவே மறந்துபோகும். ஸ்கூட்டர் ஓட்டவும் முயன்றேன், எனக்கு அது வரவில்லை. சைக்கிள் வந்தது. மேடும் பள்ளமுமான இந்த ஊரில் பாதி வழி நான் அதை ஓட்டுவேன், பாதி வழி தள்ளுவேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கு யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் புறப்படுகிற நேரத்தை நான் முடிவு செய்தேன். அந்தச் சைக்கிள்தான் இப்போது வராந்தாவில் சக்கரம் நெளிந்து சாய்ந்திருந்தது.

கட்டுப் பிரிக்கும் வரை சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயை வரவழைத்துக் காட்டினேன். ராமநாதபுரத்திலிருந்து அவருடைய அத்தா காலத்திலேயே வந்து கடை போட்டவர்கள், சைக்கிள் சாமான் கொஞ்சம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். குனிந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, உச்சுக்கொட்டினார்.

"ரிம்மை நிமித்திடலாம் தங்கச்சி. ஆரக்கம்பி எங்கிட்ட இருக்கு. இந்த ஃபோர்க்குதான் வேலைக்காகாது. நெருப்புல காட்டி நிமித்தித் தரேன்னு எவனாவது சொல்லுவான், குடுத்துறாதீங்க. ஒரு நாள் எறக்கத்துல பொட்டுனு முறியும். அப்பறம் கையோட போவாது."

முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த இரும்புக் கவை பின்னால் மடங்கி, சக்கரம் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. என்னுடையது சின்ன லேடீஸ் சைக்கிள். அந்த அளவு ஃபோர்க் பாயிடம் இல்லை. இந்த ஊரில் யாரிடமும் இல்லை. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும்.

மற்ற எல்லாவற்றையும் நானே சரி செய்தேன். பாய் ஒரு பழைய பெரிய சைக்கிளின் ஃபோர்க்கைக் கொண்டுவந்து ஸ்டூலில் தலைகீழாகக் கட்டிவிட்டுப் போனார். அதில் சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை ரிம் ஓரமாகப் பிடிப்பேன். எங்கே கோணலோ அங்கே வெள்ளைக் கோடு விழும். எதிர்ப்பக்கத்துக் கம்பியை ஒரு சுற்று முறுக்கு, இந்தப் பக்கம் அரைச் சுற்று தளர்த்து. இடது கையால், நான்கு நாள். ரவிக்கையின் ஓரம் நேராக இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, சக்கரத்துக்கு மட்டும் விட்டுவிடுவேனா? ஐந்தாம் நாள் சக்கரம் சாக்குக்கட்டியைத் தொடாமல் சுற்றியது. கூடையை நிமிர்த்தினேன், மட்கார்டைத் தட்டினேன், பிரேக் கட்டையை மாற்றினேன். ஃபோர்க் ஒன்றுதான் பாக்கி.

அந்த மாதமே என் கணவர் சென்னைக்குப் புறப்பட்டார். அவருடைய சித்தப்பா மகன் கல்யாணம்.

எங்கள் ஊரில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்றால் அது அவருடைய பயணம் மட்டும் இல்லை. தெருவே லிஸ்ட் எழுதிக் கொடுக்கும். ஒருவருக்கு மிக்சி ஜார், ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்குக் குழந்தையின் காலுக்குச் சரியான ஷூ. முடியாது என்று யாரும் சொல்வதில்லை, நாளைக்கு நாமும் லிஸ்ட் கொடுக்க வேண்டியவர்கள்தானே. வெயிலில் அலைந்து, பேரம் பேசி, ஷிப்பில் மூன்று நாள் காலடியில் வைத்துக் காவல் காத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொண்டுவர முடியாவிட்டால் "கிடைக்கல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன், எந்தக் கடை, எத்தனை கடை என்று யாரும் குடைந்து கேட்பதில்லை. கேட்பது அவமரியாதை. கடலுக்கு நடுவில் இருக்கிறவர்கள் அந்த வார்த்தையை நம்பித்தான் ஆகவேண்டும். வேறு எந்தப் பொய் சொல்கிறவனும் எங்கள் ஊரில் அந்த ஒரு பொய்யைச் சொல்லமாட்டான்.

விவரம் தெரிந்தவர்கள் ஒரே பொருளை மூன்று பேரின் லிஸ்டில் எழுதுவார்கள். நான் எழுதவில்லை. கட்டின புருஷன் போகும்போது அடுத்தவரிடம் எழுதிக் கொடுத்தால் அவருக்கு அல்லவா கேவலம்? கம்பெனி, அளவு, எல்லாம் எழுதி, பழைய ஃபோர்க்கைப் படம் எடுத்து அவருடைய போனுக்கும் அனுப்பினேன்.

திரும்பி வந்தார். தெருவில் எல்லோருடைய சாமானும் வந்தது. என்னுடையது வரவில்லை.

"கிடைக்கல," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "மூணு கடை ஏறி எறங்கிட்டேன். அந்த மாடலே இப்ப வரலியாம்."

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பாவம், எனக்காக வெயிலில் மூன்று கடை ஏறி இறங்கினாரே என்று அன்றைக்குச் சூரை மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கட்டுப் பிரித்த கை, தேங்காய் துருவும்போது வலித்தது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்தக் குழம்பை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுபடி ஸ்கூட்டரின் பின் சீட். மறுபடி ஹாரன். "நான்தான் கூட்டிட்டுப் போறேனே, அப்பறம் என்ன டென்ஷன்?" என்று ஒவ்வொரு முறையும் பெரிய உபகாரம் செய்கிற குரலில் சொல்வார். ஒன்றரை மாதத்தில் எனக்கு நான்கு வீடுகள் கைவிட்டுப் போயின. சொன்ன நேரத்துக்கு வராத தையல்காரிக்கு யார் காத்திருப்பார்கள்?

அப்போதுதான் பக்கத்துத் தீவான பாராடாங்கிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். அவருடைய ஒரே தங்கை. அங்கே பஸ்ஸும் காரும் படகில் ஏறிக் கடலைக் கடக்கிற ஜெட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். காலையில் முதல் வண்டி வரிசை வந்து நிற்பதற்குள் அடுப்பு எரிய வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு முக்கால் மணி நேர நடை. என் சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் அவளும் அதே கம்பெனியில், அதே அளவில் ஒன்று வாங்கினாள். உப்புக்காற்றில் அதன் ஃபோர்க் துருப்பிடித்து விரிசல் விட்டு, மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும்.

"அண்ணி, சைக்கிள் ஏக்தம் மஸ்தா ஓடுது," என்றாள். "ஒங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். டவரே கெடைக்கல, அதான் இத்தன நாளா பேசல."

"எனக்கு எதுக்கு?"

"என்ன அண்ணி இப்படி கேக்கறீங்க? அண்ணன் பஸ்ல குடுத்து அனுப்புச்சே, ஃபோர்க்கு. ஒங்க சைக்கிளுக்குன்னு வாங்குனதாமே. அண்ணி இனிமே சைக்கிளே ஓட்டாது, வேணாம்னு அதுவே சொல்லிருச்சு, நீ போட்டுக்கன்னு அண்ணன் சொல்லுச்சு. நீங்க விட்டுக்குடுத்தீங்களே, அதுக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல அண்ணி."

அப்படியானால் கிடைத்திருக்கிறது. கடைக்குப் போயிருக்கிறார். சரியான அளவைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஷிப்பில் மூன்று நாள் காலடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். லிஸ்டில் எழுதிய பொருளை வாங்காமல் வர ஒரு தீவுக்காரனுக்கு மனசு வராது, அந்த அளவுக்கு ஒழுங்கு. கொண்டுவந்த பிறகு, வீட்டுக்கு வருவதற்கு முன்னால், பஸ்காரனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு என் முன்னால் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

"நான் வேணாம்னு சொல்லவே இல்லம்மா," என்றேன். "எங்கிட்ட கிடைக்கலன்னு சொன்னாரு."

லைன் போய்விட்டது. டவர் போனதா, அவளே வைத்தாளா, தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன். முதலில் இல்லை என்றார், பிறகு அவளுக்குக் கஷ்டம் என்றார், கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"நீ விழுந்தன்னிக்கு எனக்கு போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ஒங்க மிஸஸ் ரோட்டுல கெடக்கறாங்கன்னாங்க. கெடக்கறாங்கன்னு. ஆபீஸ்லேந்து நான் எப்படி வந்து சேந்தேன்னு எனக்கே தெரியாது. இன்னொரு தடவ அத கேக்க என்னால முடியாது."

"பயம் ஒங்களுக்கு. அதுக்கு நான் வீட்ல ஒக்காரணுமா? பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லணும். சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேள ஒத்துக்கிட்டுகூட இருப்பேன். ஒங்க தங்கச்சி ஓட்டினா பயம் இல்லியா?"

"அங்க ரோடு காலியா இருக்கும்."

"ஆமா, காலியா இருக்கும். அவளுக்கு ஒடைஞ்சா ஃபோர்க்கு. எனக்கு ஒடைஞ்சா பின் சீட்டு."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, அந்தப் பயம் உண்மைதான். எனக்கு அது தெரிந்தது, தெரிந்தும் கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஒளித்துவைத்தது கூட இல்லை விஷயம். நான் சொல்லாத வார்த்தையை நான் சொன்னதாகத் தங்கைக்குச் சொல்லி அனுப்பினாரே, அதை எப்படி மன்னிப்பது? இருபத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவளின் வாயை இரவல் வாங்க அவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கெடைக்கலன்னு பொய் சொன்னாரா? கெடைக்கலன்னா?" என்று இரண்டு முறை கேட்டார். குடும்பச் சண்டையில் தலையிடுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அதன்பின் என் கணவர் கடைக்குப் போனால் நாற்காலியைக் காட்டுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் நின்றாள். காலை பஸ்ஸில், காட்டு வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு அரிசிச் சாக்கில் சுற்றிய ஃபோர்க்கை. தன் சைக்கிளிலிருந்து கழற்றியது. விரலிடுக்கில் கிரீஸ் அப்படியே இருந்தது. டீக்கடையை அன்றைக்குச் சாத்திவிட்டு வந்திருந்தாள். லீவு போட்டு வீட்டில் இருந்த அண்ணனைத் தேடி நேராக உள்ளே போனாள்.

"எனக்கு குடுக்கணும்னு தோணிச்சுன்னா ரெண்டு வாங்கியிருக்கணும். இல்லன்னா வாங்கக்கூடாது. அண்ணி வாயில இல்லாத பேச்ச வெச்சு எனக்கு குடுப்பியா? ஒன்றரை மாசம் நான் அதுல சிரிச்சிட்டே போனேன், பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி."

"எடுத்துட்டு வந்துட்டியா? அரே, நீ எப்படி போவ கடைக்கு?"

"அத வாங்கும்போது யோசிச்சிருக்கணும்."

நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து மாட்டினோம். அவரைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிடித்துக்கொண்டு நின்றார். பேரிங் குண்டுகளைக் கிரீஸில் பதித்து, ஃபோர்க்கின் தண்டைக் கழுத்துக்குள் ஏற்றி, மேல்மூடியை முறுக்கினாள். அவள் கை பழகியிருந்தது. ஒரு முறை மாட்டி, ஒரு முறை கழற்றிய கை அல்லவா. நான் சக்கரத்தை வைத்து நட்டை இறுக்கினேன். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. சுற்றிவிட்டேன், எங்கும் உரசாமல் சுற்றியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி அவள் எங்களோடு தங்கினாள். சாப்பிடும்போது, "அடுத்த ஷிப்புல போறவங்க மூணு பேர்கிட்ட உனக்கு எழுதிக் குடுக்கறேன்," என்றேன். "சரி அண்ணி," என்றாள். "அது வரைக்கும்?" என்று கேட்டேன். கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்டது. "நடக்கறேன். நடந்துட்டுத்தான இருந்தேன்," என்றாள்.

"நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்காவது ஒரு ஸ்கூட்டரின் பின் சீட் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேனே தவிர, சொல்லவில்லை. தலை நிமிராமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தேன். விடியற்காலை அவர் அவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார். காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

காலை பத்து மணிக்கு நான் சைக்கிளை வெளியே எடுத்தேன். குட்வில் எஸ்டேட்டில் ஒரு கல்யாண வீடு, ஆறு ரவிக்கைக்கு அளவெடுக்க வேண்டும். அவர் கேட் அருகே நின்றார். நான் ஏறி உட்கார்ந்து அந்தச் சரிவில் இறங்கினேன். வண்டி கொஞ்சமும் ஆடவில்லை, அருமையாகப் போனது. இந்நேரம் அவள் பாராடாங்கில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியிருப்பாள். நான் பிடுங்கியிருக்க வேண்டியது அவரிடமிருந்து, ஆனால் பிடுங்கிக்கொண்டது அவளிடமிருந்து. கீழே திருப்பம் வரை எனக்கு வந்த கோபத்தில் அவர் மேல் எவ்வளவு, என் மேலேயே எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் துணியவில்லை. மிதித்துக்கொண்டே போனேன்.